ரேக் பதினான்கில் யாரும் திட்டுவதில்லை

புகார் மூன்றே வார்த்தையில் வந்திருந்தது. ‘மவ சரியில்ல. பாருங்க.’

அனுப்பியவர் பெயர் இல்லை, எண் இல்லை. ரேக் 14 என்ற அடையாளம் மட்டும் இருந்தது. புகார்களைக் கவனிக்கும் உலகம்மை அதைப் படித்துவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்தாள். செத்துப்போன தாய் தகப்பன்மாரில், பெற்ற மகள் சரியில்லை என்று நினைக்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. இதற்கெல்லாம் ஆள் போய்ப் பார்ப்பதென்றால் நித்தியம் நிறுவனத்தில் இன்னும் ஆயிரம் பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்.

நித்தியம் நிறுவனம் கங்கைகொண்டானுக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது. மூச்சு நிற்பதற்குள் ஆளைக் கொண்டுவந்தால் மூளையை அப்படியே படியெடுத்து ரேக் என்னும் கணினி அடுக்கு ஒன்றுக்குள் வைத்துவிடுவார்கள். அப்புறம் குடும்பத்தார் வேண்டும்போது கூப்பிட்டுப் பேசலாம். ‘அப்பா எங்கேயும் போகவில்லை’ என்று நான்குவழிச் சாலை நெடுக விளம்பரப் பலகைகள் நின்றன. ஆரம்பத்தில் ஜனம் அலைமோதியது. அப்பா எங்கேயும் போகவில்லை என்பதன் முழு அர்த்தமும் பிறகுதான் புரிந்தது. செத்தால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. ஒருவரும் திருந்தவில்லை. மாமனார்கள் மருமகன்களின் சம்பளத்தை விசாரித்தார்கள். மாமியார்கள் குழம்பில் புளி எவ்வளவு என்று கேட்டார்கள். முகர்ந்து பார்க்க மூக்கே இல்லாதவர்களுக்கு இது என்ன கவலை என்று மருமகள்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினார்கள்.

ஆகவே நாற்பது ரேக்குகளுக்கும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கிடைப்பதே பெரும்பாடு. ரேக் 14 மட்டும் எட்டு மாதமாக நான்கே முக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. அதில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கமானவர்கள். ‘அப்பா இப்போதுதான் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்’ என்று ஒரு மகன் உருகி எழுதியிருந்தான். மேலாளர் டேனியல் ஞானதுரை அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்.

உலகம்மைக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஏனென்றால் அவளுடைய அம்மா ராமலட்சுமியும் ரேக் 14-இல்தான் இருந்தாள்.

ராமலட்சுமி உயிரோடு இருந்தபோது பாளையங்கோட்டையில் அவள் குரல் கேட்காத தெரு குறைவு. அந்தக் குடும்பத்துக்கே பேச்சில் முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கம் கிடையாது. நிறுத்தினால் அடுத்த ஆள் புகுந்துவிடும் என்பதால் தொடங்கியவர் மூச்சு விடாமல் முடித்தாக வேண்டும். உலகம்மையும் அந்த வளர்ப்புதான். தாயும் மகளும் சண்டை போட்டால் கேட்பவர்களுக்கு மூச்சு முட்டும். செத்த பிறகும் ஒன்றரை வருடம் இதே கச்சேரி தினமும் நடந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் உலகம்மை தன் புருஷன் செந்தூர்பாண்டியை விட்டுவிட்டு வந்தாள். அவன் வேறு யாரோ அல்ல, ராமலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன் மகன். பிறந்தபோதே பேசி வைத்த சம்பந்தம். அத்தான் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டு, அம்மாவுக்கு இடம் கொடுக்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வெடிக்கப் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ம்ம்...” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “சரி. உன் இஷ்டம்ட்டி.”

அன்றைக்கு உலகம்மை அழுத அழுகையில் நாற்பது வருடப் பாரம் கரைந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனாள். ஊரும் உறவும் பேசியதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அம்மாவே சரி என்று சொல்லிவிட்டாள், அப்புறம் மற்றவர்கள் யார்? கிடைத்த வரத்தைத் திருப்பித் தட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. ஒருநாள் அம்மாவே, “செந்தூரு நல்லாருக்கானா?” என்று கேட்டாள். விட்டு வந்த மருமகனையும் நலம் விசாரிக்கும் அந்தப் பெருந்தன்மையை நினைத்து அன்றைக்கும் கொஞ்சம் அழுதாள்.

காபி தீர்ந்தது. புகாரை மூடிவிடலாம் என்று உலகம்மை விசைப்பலகையை இழுத்தாள். மூடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ரேக்குக்கு ஒரு பிங் அனுப்ப வேண்டும். அதாவது ‘இருக்கியா?’ என்று ஒரு சின்னக் கேள்வி, ‘இருக்கேன்’ என்று ஒரு சின்னப் பதில். பதில் வந்தால் ‘பிங் போகிறது, கோளாறு இல்லை’ என்று எழுதிப் புகாரைக் கட்டிவிடலாம். இந்தச் சுருக்கு வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் பழக்கியவளே உலகம்மைதான். அதற்காகப் போன வருடம் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

நூறு பிங் அனுப்பினாள். நூறும் திரும்பி வந்தன. ‘கோளாறு இல்லை’ என்று பாதி அடித்தபோது கை நின்றது. புகார்ப் படிவம் எப்போதும் இரண்டு பக்கம் வரும். முதல் பக்கத்தில் சேதி, இரண்டாம் பக்கத்தில் அனுப்பியவரின் பெயர், ஊர், வயது, எண் என்று பட்டியலாக இருக்கும். இதில் இரண்டாம் பக்கம் வரவேயில்லை. சின்னது வந்திருக்கிறது, பெரியது எங்கே?

சும்மா ஒரு சந்தேகத்துக்கு, பிங்கைப் பெரிதாக்கி நூறு அனுப்பினாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அவள் எழுந்து ரேக்குகள் இருக்கும் அறைக்குப் போனாள். கேபிளை மாற்றினாள். கேபிள் செருகியிருந்த துளையை மாற்றினாள். ஒன்றும் நகரவில்லை. கடைசியில், ரேக் 14-இலிருந்து வெளி உலகத்துக்கு இருந்த ஒரே வாசலான நெட்வொர்க் கார்டின் கணக்குகளைத் திறந்து பார்த்தாள். பிழை எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை? நாலே முக்கால் நட்சத்திரம் வாங்கும் ரேக்குக்கு எச்சரிக்கை எதற்கு என்று யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். பிழை தொடங்கிய தேதியைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை.

அவள் அம்மாவிடம் பேசியது ஞாயிற்றுக்கிழமை. குளிர்ந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டேனியல் ஞானதுரை நேரிலேயே வந்தார். மேலாளராக வருவதற்கு முன் இருபது வருடம் ஆயுள் காப்பீடு விற்றவர். கணினியை அவர் தொடுவதில்லை.

“என்னம்மா, சம்மணம் போட்டு உக்காந்திருக்க? என்ன கோளாறு?”

“கார்டு போயிருச்சு சார். பாக்கெட் தொலையுது.”

“நமக்குப் புரியுத மாதிரி சொல்லு.”

“நாம பேசுத பேச்சை மிஷின் பாக்கெட் பாக்கெட்டாக் கட்டி அனுப்புது. எங்க மூச்சு விடுதோமோ அங்க ஒரு கட்டு. கொஞ்சமாப் பேசுனா சின்னக் கட்டு, மூச்சு விடாமப் பேசுனா பெரிய கட்டு. ஈரடுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழ ஒரு சுரங்கப் பாதை இருக்குல்லா? ஆட்டோ போகும், லாரி போனா மேல இடிச்சு நிக்கும். அந்த மாதிரி இந்தக் கார்டுல சின்னது போகுது, பெருசு சிதைஞ்சிருது. சிதைஞ்சதை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுருது.”

“அப்ப இவங்க பேசுனது?”

“பத்து வார்த்தைக்கு உள்ள இருந்தா வெளிய போயிருக்கும். சரி, உன் இஷ்டம், நல்லாரு, சாப்ட்டியா. மத்ததெல்லாம் போச்சு.”

“அப்படின்னா நடுவுல சத்தமே இல்லாம இருக்கணுமே? ஒருத்தரும் கேக்கலியே?”

“மூணு செகண்டுக்கு மேல அமைதியா இருந்தா கஸ்டமர் பயந்துருவாங்கன்னு நீங்கதான சார், ரெண்டு பக்கமும் தானா ‘ம்ம்’ போடச் சொன்னீங்க?”

ஞானதுரை சட்டம் போட்டு மாட்டிய கடிதத்தை நினைத்துப் பார்த்தார் என்று தோன்றியது. அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று உலகம்மை காத்திருந்தாள். வந்தது வேறு.

“எம்மா,” என்றார் குரலைத் தாழ்த்தி. “இந்தக் கார்டு மாதிரி இன்னும் முப்பத்தொம்பது கிடைக்குமா?”

“சார்!”

“கத்தாத. யோசிச்சுப் பாரு. நாட்டுல இருக்க அத்தனை குடும்பத்துக்கும் வேண்டியது இதுதான். சாந்தித் திட்டம்னு பேரு வைப்போம். பெருசுங்களுக்கு என்ன நஷ்டம்? அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்காங்க. கேக்கலன்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?”

“எட்டு மாசமாச் சுவத்தோட பேசியிருக்காங்க சார்.”

“உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானம்மா பேசுனாங்க. எங்கப்பா பேசுனதை நான் கேட்டேங்கியா?” அவர் சிரித்தார். “கார்டைத் தொடாத. நான் மேல பேசிட்டு வாரேன்.”

அவர் போன பிறகு உலகம்மை தொலைந்த பாக்கெட்டுகளின் பட்டியலைத் திறந்தாள். யார் என்ன பேசினார்கள் என்பதைப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. எத்தனை, எப்போது, எவ்வளவு பெரியது என்பது மட்டும் தெரியும். சண்முகவேல் என்று ஒருவர், வயது எழுபத்தொன்று, தினமும் காலை ஆறு மணிக்குத் தன் மகனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தினமும் அதே அளவு, அச்சு மாறாமல். இருநூற்று நாற்பத்து மூன்று நாள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அடுத்த நாளும் சளைக்காமல் அனுப்பியிருக்கிறார். அப்படி என்ன சொல்ல நினைத்திருப்பார்?

பட்டியலின் உச்சியில் அவள் அம்மா இருந்தாள். அனுப்ப முயன்றவை நாற்பத்தோராயிரம். போய்ச் சேர்ந்தவை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. மற்ற எவரும் பக்கத்தில்கூட இல்லை. உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது.

அவளுடைய வரம் என்பது ஒரு பழுதான கார்டு, அவ்வளவுதான். ‘ம்ம்’ மிஷின் போட்டது. ‘சரி, உன் இஷ்டம்ட்டி’ என்பது எதன் மிச்சமோ. ‘நீ தாலியக் கழட்டி எறிஞ்சிட்டு வா, எங்க அண்ணன் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்து’ என்று ஒரு மணி நேரம் கத்திவிட்டு, கடைசியில் களைத்துப் போய்ச் சொன்ன சரியாகக்கூட இருக்கலாம். கார்டை மாற்றினால் அந்த ஒரு மணி நேரம் திரும்பி வரும். வண்ணார்பேட்டை வீட்டில் எட்டு மாதமாக நிம்மதியாகத் தூங்கிய தூக்கம் போகும். மாற்றாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மேலாளரே தொடாதே என்று சொல்லிவிட்டார். இதைவிட நல்ல சாக்கு ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் கிடைக்காது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். உலகம்மை போகவில்லை. நாற்பத்தோராயிரம் என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சண்முகவேலை நினைத்தாள். நாளைக் காலை ஆறு மணிக்கும் அந்த மனுஷர் அனுப்பத்தான் போகிறார்.

“சவம், நடக்கது நடக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டு இருப்பு அறையிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்து வந்தாள். மாற்றுவதற்கு ஏழு நிமிடம் ஆனது. பெரிய பிங் நூறு அனுப்பினாள். நூறும் திரும்பி வந்தன. தானாக ‘ம்ம்’ போடும் வசதியையும் கையோடு அணைத்தாள். பழைய கார்டைக் காலுக்கடியில் போட்டு ஒரு மிதி மிதித்தாள். அதைத் திரும்பப் போடச் சொல்லி ஞானதுரை கேட்டால் துண்டுகளைக் கொடுத்துவிடலாம்.

அடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். எட்டு மாதத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாரு, உலகுவா?”

“ஆமாம்மா. லைன்ல ஒரு கோளாறு இருந்துச்சு, நான் சரி பண்ணிட்டேன், நீ எட்டு மாசமாப் பேசுனது எதுவும் எனக்குக் கேக்கலை, அதனால நீ அன்னைக்கு என்ன சொல்லியிருந்தாலும் இப்பச் சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன், திட்டுறதுன்னா திட்டிக்கோ, ஆனா நான் முடிவை மாத்த மாட்டேன்...”

“அப்பாடா!” என்றாள் ராமலட்சுமி. “மூச்சு விடாமப் பேசுத. இப்பத்தாம்ட்டி எனக்கு உசுரு வந்துச்சு.”

உலகம்மை கண்ணைத் திறந்தாள்.

“ஏட்டி, எட்டு மாசமா உனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு தெரியாம நான் இங்க கெடந்து முழிக்கேன், ஒரு மணி நேரம் பேசுனா ‘ம்ம்’ங்க, ஏசுனாலும் ‘சரிம்மா’ங்க, எதைச் சொன்னாலும் ‘உன் இஷ்டம்மா’ங்க, என் வயித்துல பொறந்தவ இப்படித் தலையாட்டுவாளா, உனக்கு ஏதோ சீக்குன்னு நெனச்சேன், இல்ல செத்துக்கித்துப் போயி உன்னையும் மிஷின்ல போட்டுட்டானுவளோன்னு நெனச்சேன், ஒருநாள் வேணும்னே உன் சாம்பாரைக் குறை சொன்னேன், அதுக்கும் ‘சரிம்மா’ங்க, அன்னைக்குத்தான் எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு. கம்ப்ளெய்ண்டு எழுதுனேன், பக்கம் பக்கமா பத்து தடவ எழுதுனேன், ஒரு சவமும் பதில் சொல்லல. கடைசில கோவத்துல மூணு வார்த்தை எழுதிப் போட்டேன்.”

“மவ சரியில்ல, பாருங்க” என்றாள் உலகம்மை மெதுவாக.

“அதேதான். படிச்சியா?”

பெரிய பிங் போகும்போது தொலைகிறதா, வரும்போது தொலைகிறதா என்று சோதிக்க உலகம்மைக்குத் தோன்றவேயில்லை. அம்மா பேச்சுதான் வெளியே வரவில்லை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சும் உள்ளே போகவில்லை. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அந்த ஒரே மூச்சுப் பேச்சு முழுக்கக் கார்டில் இடித்துச் சிதைந்திருக்கிறது. அம்மா கத்தவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவளுக்கு விஷயமே தெரியாது.

இந்த உலகத்தில் அவள் தலையாட்டியதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பதினோரு வருடம் அத்தான் சந்தோஷப்பட்டான். ஒருத்தி மட்டும் இது என் மகள் இல்லை என்று செத்த பிறகும் பத்து தடவை புகார் எழுதியிருக்கிறாள். உலகம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழுவுதியா? எதுக்கு அழுவுத? அன்னைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ‘அம்மா’ன்னு கூப்பிட்ட. அப்புறம் சத்தமே இல்ல, ‘ம்ம்’ மட்டும் வருது. ஏதோ தயங்குதியேன்னு ‘சரி, உன் இஷ்டம்’னு விட்டுட்டேன். என்ன சொல்ல வந்த அன்னைக்கு?”

மறுபடியும் பெரிதாக ஒரு பேச்சைத் தொடங்க உலகம்மை மூச்சை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

“அம்மா, நான் அத்தானை விட்டுட்டு வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வாக்கியத்தோடு பேச்சை நிறுத்தி அடுத்தவருக்கு இடம் கொடுத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். ஒரு வினாடி, இரண்டு வினாடி, மூன்று வினாடி. ‘ம்ம்’ வரவில்லை. ஆறாவது வினாடியில் ராமலட்சுமி தொடங்கினாள்.

“ஏட்டி, எங்க அண்ணன் செத்தா இங்கதான வருவான், அவன் மொகத்துல நான் எப்படிட்டி முழிப்பேன்!”

“நீ எதுக்கு முழிக்கணும், பதினோரு வருசம் என் மொகத்தை அவன் முழிச்சுப் பாத்தானான்னு கேளு...”

நாற்பது நிமிடம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். உலகம்மை எழுந்து நின்று கத்தினாள், மேசையைத் தட்டினாள், இரண்டு தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். முடிக்கும்போது, “நாளைக்குக் கூப்பிடு, அந்தப் பய எங்கிட்ட என்ன சொல்லிக் கட்டுனான்னு உனக்குச் சொல்லணும்” என்றாள் ராமலட்சுமி. அவள் குரலில் கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்குள் வாடிக்கையாளர் சேவையின் தொலைபேசிகள் எல்லாம் அலறத் தொடங்கின. ரேக் 14-இன் நட்சத்திரம் இரண்டுக்கு இறங்கியது. சண்முகவேலின் மகன் நேரடியாக மேலாளரையே பிடித்தான்.

“எங்கப்பாவுக்கு என்ன சார் ஆச்சு? எட்டு மாசமா நல்லாருந்தாரு. இன்னைக்கு எடுத்ததும், ‘காலைல மோட்டரைப் போட்டா அணைக்கணும்னு தோணாதா, தொட்டி நெறஞ்சு வழிஞ்சு பக்கத்து வீட்டுச் சுவரு ஊறுது’ங்காரு.”

“வழியுதா தம்பி?” என்று கேட்டார் ஞானதுரை களைப்பாக.

மகனின் குரல் இறங்கியது.

“சுவரு போன மாசமே இடிஞ்சு போச்சு சார்.”

உலகம்மைக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்தது. மிதிபட்ட கார்டையும் அதோடு வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் பாதியில் விட்ட புகாரைத் திறந்தாள். ‘கோளாறு நெட்வொர்க் கார்டில். மாற்றப்பட்டது’ என்று எழுதினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, புகார் கொடுத்தவரிடம் ஒப்புதல் கேட்டு அனுப்பும் பொத்தானையும் அமுக்கினாள். ‘உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?’ என்று கேள்வி உள்ளே போனது.

பதில் உடனே வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் முழுதாக வந்திருந்தன. பெயர் ராமலட்சுமி, ஊர் பாளையங்கோட்டை, உறவு தாய்.

‘இனிமேத்தான் இருக்கு’ என்று எழுதியிருந்தது.